பெயரைக் கடைசியில் படியுங்கள்: பழைய ஜப்பானிய வாள்களைக் கற்றுச் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஜப்பானிய வாள்களைச் சேகரிக்க முனைபவர்களில் பெரும்பாலானோர், கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில் வெட்டப்பட்ட கொல்லனின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெயரைப் படித்து, அது புகழ்பெற்றது என்று தெரிந்துவிட்டால், வாளின் மற்ற எல்லாவற்றையும் அந்தப் பெயருக்கு ஏற்றபடி பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கு நேர்மாறானது: முதலில் வடிவம், பிறகு எஃகு, அதன் பின் தோய்ச்சல் கோடு (கடினமான கூர்வாய்க்கும் இளகிய முதுகுக்கும் இடையிலான எல்லை), முனை, எல்லாவற்றுக்கும் பிறகே பெயர். ஜப்பானில் நடக்கும் கன்தெய் எனப்படும் வாள் கணிப்புக் கூட்டங்களில் காம்பை மறைத்து, அலகை மட்டும் காட்டி, செய்தவர் யார் என்று எழுதித் தரச் சொல்வதும் இந்த வரிசையைப் பழக்குவதற்காகத்தான்.

1. பணத்தை எடுப்பதற்கு முன்

முதல் தேவை, நல்ல நிலையில் உள்ள வாள்களைப் பார்த்துப் பழகிய கண். துருப்பிடித்த வாளில் தொடங்குபவருக்கு எது வாளின் இயல்பு, எது காலம் செய்த சேதம் என்று பிரித்தறிய முடியாது. தோக்கியோவில் உவேனோவிலுள்ள தேசிய அருங்காட்சியகம், ரியோகோக்குவில் 2018 முதல் இயங்கும் வாள் அருங்காட்சியகம், ஒக்காயாமா மாகாணத்தின் செத்தோஉச்சி நகரிலுள்ள பிஸென் ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகம் ஆகியவை இதற்கு ஏற்றவை. ஜப்பானுக்குப் போக இயலாதவர்களுக்கு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் தரமான தொகுப்புகள் உள்ளன. கண்ணாடிப் பேழைக்கு முன் குனிந்தும் நிமிர்ந்தும், விளக்கின் பிரதிபலிப்பு அலகின் மீது நகரும்படி தலையை அசைத்தும் பார்க்க வேண்டும். நேராக நின்று பார்த்தால் வெறும் வெள்ளிப் பட்டைதான் தெரியும்.

இரண்டாவது தேவை, நீங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தை அறிந்திருப்பது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாள்களையும் உள்ளடக்கியது. பிரித்தானியாவில் 50 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வளைந்த அலகுள்ள வாள்களின் விற்பனையும் இறக்குமதியும் 2008 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. 1954க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கும் மரபு முறையில் கையால் செய்யப்பட்டவற்றுக்கும் விலக்கு உண்டு. வாள் சுங்கத்தில் நிற்கும்போது இதைத் தேடத் தொடங்குவதைவிட, வாங்குவதற்கு முன்பே எழுத்துமூலமாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, சில எளிய பொருள்கள்: ஒளி ஒரு புள்ளியிலிருந்து வரும் விளக்கு, மில்லிமீட்டர் காட்டும் அளவுகோல், தடிமனை அளக்க ஒரு காலிப்பர், மூங்கில் ஆணியைத் தள்ளும் சிறு பித்தளைச் சுத்தியல், கசக்கி மென்மையாக்கிய தாள் அல்லது புதிய மைக்ரோஃபைபர் துணி, வாளுக்கான சோஜி எண்ணெய், ஒரு குறிப்பேடு. குழல் விளக்கின் பரவிய ஒளியில் தோய்ச்சல் கோட்டின் நுட்பங்கள் மறைந்துவிடுவதால், விளக்கைப் பற்றி மட்டும் சமரசம் செய்துகொள்ள வேண்டாம்.

2. கையில் எடுக்கும் முறை

பிறருடைய வாளைப் பார்க்க அனுமதி கிடைப்பது நீங்கள் அதைக் கையாளும் விதத்தைப் பொறுத்தது. உறையிலிருந்து உருவும்போது கூர்ப்பக்கம் மேலே இருக்க வேண்டும். அலகின் முதுகு உறைக்குள் சறுக்கிவர வேண்டும். பக்கவாட்டில் சாய்த்து உருவினால் உறையின் உள்மரம் அலகில் கீறல் போடும். கூர்ப்பக்கம் கீழே இருந்தால் உறையே வெட்டுப்படும்.

அலகை விரலால் தொடக் கூடாது. வியர்வையின் உப்பு சில நாள்களிலேயே துருவாகத் தெரியும். அலகுக்கு நேரே பேசுவதும் கூடாது. எச்சில் துளியின் விளைவும் அதுவே. திருப்பிக் கொடுக்கும்போது வாளைச் செங்குத்தாக, கூர்ப்பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி பிடித்துக் கொடுங்கள். இவை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துப் புதியவர்கள் தாண்டிப் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மெருகுச் செலவோ ஒரு வெட்டுக்காயமோ இருக்கிறது.

கைப்பிடியைக் கழற்ற, முதலில் மெக்குகி எனப்படும் மூங்கில் ஆணியைத் தள்ளி எடுத்து, இடக்கையால் கைப்பிடியின் அடிப்பகுதியைப் பிடித்து, வாளைச் சற்றே சாய்த்து நிறுத்தி, வலக்கை முட்டியால் இடக்கை மணிக்கட்டை மெல்லத் தட்ட வேண்டும். இரண்டு மூன்று தட்டலில் காம்பு தளர்ந்துவிடும். தளரவில்லையென்றால் உரிமையாளரிடம் கொடுத்துவிடுங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம்.

3. வடிவத்தைப் படித்தல்

வடிவம் முதலில் வருவதற்குக் காரணம், அது காலத்தைச் சொல்கிறது என்பதே. காலம் தெரிந்துவிட்டால் பொருந்தாத நூற்றுக்கணக்கான பெயர்கள் உடனே விலகிவிடும்.

நீளத்தை முனையிலிருந்து, காம்பு தொடங்கும் இடத்திலுள்ள முதுகுப்பக்கப் படிவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவோடு அளப்பது பொதுவான பிழை. ஒரு ஷாக்கு என்பது 30.3 செ.மீ. இரண்டு ஷாக்குவுக்கு மேற்பட்டது கத்தானா (கூர்வாய் மேலே இருக்க இடுப்பில் செருகுவது) அல்லது தாச்சி (கூர்வாய் கீழே இருக்கத் தொங்கவிடுவது), ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது வாக்கிசாஷி, ஒன்றுக்குக் குறைந்தது தாந்தோ. அடுத்து வளைவின் ஆழத்தையும் அதன் மையம் எங்கே விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடியிலும் முனைக்கருகிலும் அகலம், முதுகின் தடிமன், கிஸ்ஸாகி எனப்படும் முனையின் நீளம்.

ஹெய்ஆன் காலத்தின் பிற்பகுதியிலும் (12ஆம் நூற்றாண்டு) அதையடுத்த காமாகுரா காலத்தின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட தாச்சிகள் மெலிந்தவை. வளைவு கைப்பிடிக்கு அருகே ஆழமாக இருக்கும், முனை சிறியது. காமாகுராவின் நடுப்பகுதியில் அலகு அகன்று, முனை குட்டையாகவும் பருத்தும் ஆகிறது. 1336 முதல் 1392 வரையிலான நன்போகுச்சோ காலத்தில் அலகு மிக நீண்டு அகன்றாலும் முதுகு மெல்லியதாகிறது; முனை மிகப் பெரிது. முரோமாச்சி காலத்தின் பிற்பகுதியில் (15ஆம் நூற்றாண்டின் இறுதியும் 16ஆம் நூற்றாண்டும்) ஒற்றைக் கையால் வீசத்தக்க, இரண்டு ஷாக்குவைச் சற்றே தாண்டிய, முனைப்பக்கம் வளைந்த, குட்டையான காம்புள்ள கத்தானாக்கள் வருகின்றன. 1661 முதல் 1673 வரையிலான கன்புன் ஆண்டுகளின் வாள்களை அடையாளம் காண்பது எளிது: வளைவு குறைவு, அடியிலிருந்து முனைக்கு வேகமாகக் குறுகும் அகலம், சிறிய முனை.

புதியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். நன்போகுச்சோவின் நெடிய வாள்கள் பிற்காலத்தில் அடியில் வெட்டிக் குறைக்கப்பட்டன. 1600ஐ ஒட்டிய கெய்ச்சோ ஆண்டுகளின் கொல்லர்கள் அப்படிக் குறைக்கப்பட்ட தோற்றத்தையே புதிதாகச் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு வந்த ஷின்ஷின்தோ கொல்லர்கள் அதையே மீண்டும் செய்தார்கள். அகன்ற அலகும் பெரிய முனையும் உள்ள மூன்று வாள்கள் எதிரே இருந்தால் வெளிக்கோட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அங்கே முதுகின் தடிமனும் கையில் உணரும் எடையும் உதவும்: நன்போகுச்சோ அலகு அகலத்துக்கு மெல்லியது, பல முறை மெருகிடப்பட்டதால் இன்னும் இலேசாகியிருக்கும், ஷின்ஷின்தோ கனமானது, அதன் கூர்வாயில் இன்னும் நிறையச் சதை இருக்கும். அளவுகளை எழுதாமல் கண்ணை மட்டும் நம்புபவர் இந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்.

4. எஃகின் மேற்பரப்பு

பல முறை மடித்து அடித்த எஃகில் மரத்தின் ரேகைகளைப் போன்ற கோடுகள் எஞ்சுகின்றன. இதை ஹாதா என்பார்கள். அலகை விளக்குக்குக் கீழே சற்றுத் தாழ்த்தி, ஒளி நேரே கண்ணில் படாமல் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால் இது தெரியும்.

பலகையை நீளவாக்கில் அறுத்தது போன்ற நேர்க்கோடுகள் மாசாமே. அலையும் கோடுகள் இதாமே. கணுவைச் சுற்றிய வளையங்கள் மோகுமே. யமாத்தோ மாநில மரபில் மாசாமே மிகுதி. கியோத்தோவைச் சார்ந்த யமாஷிரோ மரபில் இதாமே மிக நெருக்கமாக, ஈரமான பளபளப்போடு இருக்கும். இன்றைய ஒக்காயாமாவைச் சார்ந்த பிஸென் மரபின் பழைய வாள்களில் தோய்ச்சல் கோட்டுக்கு மேலே உத்சுரி எனப்படும் மங்கிய வெண்ணிழல் ஓடும். உத்சுரி தெரிந்தால் பிஸென்னை முதலில் நினைக்க வேண்டும், ஆனால் அத்தோடு முடிவு செய்துவிடக் கூடாது. மினோ மாநில மரபிலும் வெளிறிய ஒரு நிழல் உண்டு.

ரேகை பெரிதாகவும் எடுப்பாகவும் தெரிவதே உயர்ந்த வேலை என்று தொடக்கத்தில் தோன்றும். உண்மையில் நெருக்கமான, தேடினால்தான் புலப்படும் எஃகு பெரும்பாலும் மேலானது. அமிலத்தில் நனைத்து ரேகையை மிகைப்படுத்திய நவீனப் போலிகள் இந்தத் தவறான எண்ணத்தை நம்பியே விற்கப்படுகின்றன.

5. தோய்ச்சல் கோடும் முனையும்

கொல்லர் முதுகில் தடிமனாகவும் கூர்வாயில் மெல்லியதாகவும் களிமண் பூசி, அலகைக் காய்ச்சி, நீரில் தோய்க்கிறார். வேகமாகக் குளிர்ந்த கூர்வாய் கடினமாகிறது, முதுகு இளகிய நிலையிலேயே இருக்கிறது. இரண்டின் எல்லையே ஹமோன். அலகை விளக்கை நோக்கி நீட்டி, பிரதிபலிக்கும் ஒளிப்புள்ளியின் ஓரத்தில் பார்வையை வைத்து, புள்ளியை அடியிலிருந்து முனைக்கு மெல்ல நகர்த்துங்கள். மெருகிடுபவர் வெண்மையாக்கிய பட்டை ஹமோன் அன்று. உண்மையான எல்லை அதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரிய பிழை.

எல்லையில் தனித்தனியாக மின்னும் மணிகள் தெரிந்தால் அவை நியே. மணிகளைப் பிரிக்க முடியாமல் மூடுபனி போலத் தெரிந்தால் அது நியோய். காமாகுரா நகரில் எழுந்த சோஷூ மரபு, அதாவது புகழ்பெற்ற கொல்லர் மாசாமுனேயின் மரபு, வலுவான நியேயால் அறியப்படுவது. பிஸென்னின் கிராம்பு மொட்டு வடிவ அலைகள் பெரும்பாலும் நியோயில் அமைந்தவை. மினோவில் கூரிய பற்கள் மிகுதி. மினோவின் செக்கி ஊரைச் சேர்ந்த கொல்லர் கானேமோத்தோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று தேவதாரு மர வடிவம் அதன் புகழ்பெற்ற வகை. 17ஆம் நூற்றாண்டு ஒசாக்கா வாள்களில் அடியில் சிறிது தூரம் கோடு நேராக ஓடிவிட்டுப் பிறகுதான் அலையத் தொடங்கும். வெட்டிக் குறைக்கப்பட்ட பழைய வாளில் இந்தத் தொடக்கம் இருக்க வழியில்லை, ஏனெனில் அதன் மூல அடிப்பகுதியே போய்விட்டது. மேலே சொன்ன மூன்று வாள் குழப்பத்துக்கு இது இன்னொரு சாட்சி.

முனைக்குள் தோய்ச்சல் கோடு திரும்பும் விதம் போஷி. மிகச் சிறிய பரப்பில் கொல்லரின் பழக்கம் வெளிப்படும் இடம் என்பதாலும், முனை உடைந்து திருத்தப்பட்டிருந்தால் முதலில் கெடுவது இதுவே என்பதாலும் இதைத் தவிர்க்கவே கூடாது.

பார்த்ததை உடனே வரையுங்கள். கை எவ்வளவு கோணலாக ஓடினாலும் சரி. வரையும்போதுதான் எதை நாம் பார்க்கவே இல்லை என்று தெரியவரும். புகைப்படம் எடுத்தவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

6. காம்பு, அதன் பிறகு பெயர்

நக்காகோ எனப்படும் காம்பில் பெயரைத் தவிர மற்றவற்றை முதலில் பாருங்கள்: துருவின் நிறம், அரத்தின் தடங்கள், ஆணித் துளைகளின் எண்ணிக்கை, காம்பின் அடி முடியும் விதம். நூற்றாண்டுகள் கண்ட துரு கருமையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். செம்மஞ்சள் தூசி, ஒரே சீரான குழிகள், எழுத்தின் பள்ளத்துக்குள் மட்டும் வெளிறிய நிறம் ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை. ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் வாள் குறைக்கப்பட்டதையோ கைப்பிடி மாற்றப்பட்டதையோ காட்டும்.

ஆகவேதான் காம்பைச் சுத்தம் செய்யவே கூடாது. எண்ணெய், தேய்ப்புத்தாள், கம்பித் தூரிகை எதுவும் அதன்மீது படக் கூடாது. அந்தத் துருதான் வயதுக்கான ஆதாரம். தேய்த்தெடுத்தவர் எழுத்தைத் தெளிவாக்கிக்கொள்கிறார், வாளின் மதிப்பை இழக்கிறார்.

இப்போது பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். முனை மேலே இருக்க, பெயருள்ள பக்கம் உங்களை நோக்கி இருக்கும்போது கூர்வாய் இடப்பக்கம் வந்தால் அது கத்தானா முறைக் கையொப்பம். வலப்பக்கம் வந்தால் தாச்சி முறை. இதற்கு விலக்கும் உண்டு: ஹிஸென் மாநிலத்துத் தாதாயோஷி வழியினர் கத்தானாக்களிலும் தாச்சி முறையிலேயே கையொப்பமிட்டார்கள்.

பெயரின் நீளமும் பேசும். முரோமாச்சியின் பிற்பகுதியில் போர்த் தேவைக்காகப் பிஸென்னின் ஒசாஃபுனே ஊரில் குவியலாகச் செய்யப்பட்ட வாள்களில் ‘பிஷூ ஒசாஃபுனே சுகேசாதா’ (பிஷூ என்பது பிஸென்னின் சுருக்கம்) என்று சுருக்கமாக இருக்கும். ஒருவர் தனியே சொல்லிச் செய்வித்த வாளில் ‘பிஸென் நாட்டு ஒசாஃபுனேவாசி யோசோசாஎமொன்னோஜோ சுகேசாதா’ என்ற வகையில் கொல்லரின் தனிப்பெயரோடு முழுமையாக இருக்கும். இரண்டும் சுகேசாதாதான், விலையிலும் வேலையிலும் வெகுதூரம். தேடுபொறியில் பெயரை மட்டும் இட்டுப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போகிறது.

பெரிய பெயர் என்றால் போலிக் கையொப்பத்தை முதலில் சந்தேகியுங்கள். எதோ நகரின் (இன்றைய தோக்கியோ) கொல்லர் நாகாசோனே கோதெத்சுவின் பெயர் அவர் காலத்திலிருந்தே போலிகளுக்குப் பேர்போனது. போலிக் கையொப்பமுள்ள வாள் அதனாலேயே மோசமான வாளாகிவிடுவதில்லை. பெரும்பாலும் வேறொரு கொல்லரின் நேர்மையான வேலைமீது பின்னால் வந்தவர் பெயரைச் சேர்த்திருப்பார். மறுபக்கம், கையொப்பம் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். செத்தோஉச்சி நகரம் 2020இல் 50 கோடி யென் கொடுத்து வாங்கிய தேசியப் பொக்கிஷமான சான்சோமோ தாச்சியில் கையொப்பமே கிடையாது. வேலையை வைத்தே அதைப் பிஸென்னின் இச்சிமோன்ஜி கொல்லர் குழுவினுடையது என்கிறார்கள்.

7. குறைகளைத் தரம் பிரித்தல்

பொறுக்கக் கூடாத குறைகளில் முதலானது ஹாகிரே: கூர்வாயிலிருந்து மேல்நோக்கிக் குறுக்கே ஓடும் மயிரிழை விரிசல். அடுத்த அடியில் அலகு அங்கேயே உடையும் என்பதால், வாள் என்ற நிலையில் அது முடிந்துவிட்டது. சில சமயம் ஒரு கோணத்தில் மட்டுமே தெரியும்; ஆகவே கூர்வாயின் முழு நீளத்தையும் இரண்டு பக்கமும், விளக்கை வெவ்வேறு கோணத்தில் வைத்து, அவசரமின்றிப் பாருங்கள். முனையில் தோய்ச்சல் கோடே இல்லாமல் போனதும், தீயில் பட்டு மறுபடி தோய்க்கப்பட்டதும் இந்த வரிசையில் அடுத்து வருகின்றன.

பொறுக்கத்தக்கவை: ஹாதாவில் சிறு திறப்புகள், சிறு கொப்புளங்கள், சிறிய வாய்ச்சேதங்கள். 700 ஆண்டுப் பழமையுள்ள அலகில் மன்னிக்கக்கூடிய திறப்பு, 1830இல் செய்ததில் மன்னிக்கத்தக்கதன்று. பல மெருகுகளால் மேலெஃகு தேய்ந்து, ரேகையற்ற உள்ளெஃகு திட்டுத் திட்டாக வெளியே தெரியும் வாள் களைத்துவிட்ட வாள். அதைப் பாடத்துக்கு வாங்கலாம், முதலீடு என்று வாங்க வேண்டாம்.

8. காகிதங்கள்

ஜப்பானிலுள்ள ஒவ்வொரு வாளுக்கும் தோரோகுஷோ எனப்படும் பதிவுச் சீட்டு இருக்க வேண்டும். மாகாணக் கல்வி வாரியம் வழங்கும் இதில் வகை, நீளம், வளைவு, துளைகள், கையொப்பத்தின் எழுத்துகள் பதிவாகியிருக்கும். இது வாகனப் பதிவு போன்ற உரிமம் மட்டுமே. கையொப்பம் உண்மையானதென்று இது சொல்லவில்லை. சில விற்பனையாளர்கள் இதையே ‘ஜப்பானிய அரசின் சான்றிதழ்’ என்று காட்டுகிறார்கள்.

கணிப்புச் சான்று வேறு. 1948இல் நிறுவப்பட்ட ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் இன்று வழங்குபவை, ஏறுவரிசையில், ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ. அவர்களே முன்பு வழங்கிய கிச்சோ வகைப் பழைய சான்றுகளை இன்றைய சந்தை முழுமையாக நம்புவதில்லை. அத்தகைய வாளைச் சான்றில்லாத வாளாகவே கருதி விலை பேசுங்கள். எந்தச் சான்றானாலும், அதிலுள்ள நீளமும் காம்பின் படமும் கையிலுள்ள வாளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நல்ல சான்று வேறொரு வாளோடு பயணம் செய்வது உண்டு. கையொப்பமில்லாத வாளுக்கான சான்றில் ‘தென்’ என்ற சொல் இருந்தால், அந்தக் கொல்லரின் பெயர் சிறு தயக்கத்தோடு சூட்டப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

9. முதல் வாள்

நல்ல மெருகிலுள்ள, ஹோசோன் அல்லது தொகுபெத்சு ஹோசோன் சான்றுள்ள, 17ஆம் நூற்றாண்டு வாக்கிசாஷி ஒன்றைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதே தரமுள்ள கத்தானாவைவிட விலை குறைவு, அதே பாடங்களைக் கற்பிக்கும், விற்க நேர்ந்தால் பெரிய நட்டமும் வராது. நீளமே பெருமை என்று நினைப்பவர்கள் அதே பணத்துக்குக் களைத்த கத்தானா ஒன்றை வாங்கி, ஹமோனைக் காணாமல் தவிக்கிறார்கள்.

‘மெருகிட்டால் பெரிய பெயர் வெளிவரலாம்’ என்று சொல்லி விற்கப்படும் துருவேறிய வாளைத் தொடாதீர்கள். பயிற்சி பெற்ற மெருகுக் கலைஞரின் கூலி வாளின் விலையையே மிஞ்சலாம், துருவுக்கு அடியில் ஹாகிரேயும் காத்திருக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்கால வாள்களில் பல மரபு முறையில் செய்யப்படாதவை. காம்பில் ‘ஷோவா’ அல்லது ‘செக்கி’ முத்திரை இருந்தால் விசாரியுங்கள். ஆனால் ராணுவக் கைப்பிடி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வாளை ஒதுக்கிவிட வேண்டாம், உள்ளே குடும்பத்தின் பழைய அலகு இருப்பதும் உண்டு. அழகிய கைப்பிடியும் கைக்காப்பும் பூண்ட வாளைப் பார்க்கும்போது, அவற்றைக் கழற்றிவிட்டு அலகுக்கு மட்டும் எவ்வளவு தருவீர்கள் என்று மனத்தில் விலை போட்டுப் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வாங்கினால், பதிவுச் சீட்டை ஒப்படைத்து, பண்பாட்டு முகமையின் ஏற்றுமதி அனுமதியைப் பெற்ற பிறகே வாள் புறப்படும். நேர்மையான கடைக்காரர் இதைத் தாமே செய்து தருவார். பொம்மை என்றோ சமையலறைக் கருவி என்றோ எழுதி அனுப்பிவிடலாம் என்பவரிடம் வாங்காதீர்கள்.

10. வீட்டில் வைத்திருத்தல்

அலங்காரக் கைப்பிடியிலும் உறையிலும் நிரந்தரமாக வைப்பதைவிட, ஷிராசாயா எனப்படும் பூச்சில்லாத ஹோ மர உறையில் வைப்பது நல்லது. மரம் மென்மையானது, ஈரத்தை ஓரளவு சீராக வைக்கும். உறைக்குள் துரு சேர்ந்துவிட்டால் அதைப் பிளந்து சுத்தம் செய்து மீண்டும் ஒட்டவும் முடியும்.

பழைய எண்ணெயைத் துடைத்து எடுத்து, பார்வையிட்டு, மிக மெல்லிய புதிய எண்ணெய்ப் படலத்தை இட வேண்டும். மிதமான தட்பவெப்பத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் மாதம் ஒருமுறையாவது உருவிப் பார்ப்பது நல்லது. எண்ணெய் வழியும்படி இட்டால் உறைக்குள் தூசியோடு சேர்ந்து பசையாகி அலகைக் கீறும். உச்சிகோ எனப்படும் கல்தூளால் ஒவ்வொரு முறையும் தட்டித் துடைப்பது திரைப்படங்களில் அழகாக இருக்கும், ஆனால் புதிய மெருகின் மீது அது நுண்கீறல்களைச் சேர்ப்பதால் சுத்தமான மென்துணியே பாதுகாப்பானது.

துருப்புள்ளி ஒன்று தெரிந்தால் எந்தப் பசையாலும் தேய்க்காமல், எண்ணெயிட்டு, இடத்தையும் தேதியையும் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த மாதம் அது பரவியிருக்கிறதா என்று பாருங்கள். பரவியிருந்தால் மெருகுக் கலைஞருக்கு அனுப்ப வேண்டும். அப்படியே நின்றுவிட்டால், ஒவ்வொரு மெருகும் கொஞ்சம் எஃகை எடுத்துக்கொண்டு போகும் என்பதால், அதை விட்டுவிடுங்கள்.